குர்பானி நிய்யத்து: சந்தைக்குப் போகும் முன்பே முடிவு செய்ய வேண்டியவை

"என் பேரில் கொடுக்கவா, அத்தா பேரில் கொடுக்கவா?" "அறுக்கிற பாய்க்கு என் பெயரே தெரியாதே, கூடுமா?" "ஒரே ஆட்டில் குர்பானியும் அகீகாவும் (குழந்தை பிறந்ததற்காக அறுப்பது) நிய்யத்து வைக்கலாமா?" அல்லாஹ்வுக்காகப் பிராணியை அறுத்துக் குர்பானி கொடுக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் பள்ளிவாசல் இமாமைத் தேடி இந்தக் கேள்விகள் வரிசைகட்டி வரும். பெரும்பாலும் ஆடு வாங்கியாகிவிட்டது, சில நேரம் அறுத்தும் ஆகிவிட்டது என்ற நிலையில்தான் கேட்கிறார்கள். நிய்யத்தை (மனதில் வைக்கும் நோக்கத்தை) கத்தி வைக்கும் நேரத்தில் ஓதும் ஒரு வாசகம் என்று நினைப்பதால் வரும் தாமதம் இது. உண்மையில் யாருக்காக, எந்த வகைக் குர்பானி, எந்தப் பிராணி, யார் கையால் என்ற நான்கு முடிவுகளும் சேர்ந்ததுதான் நிய்யத்து. முதல் இரண்டை வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் சந்தைக்குக் கிளம்ப வேண்டும்.

"அவற்றின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் தக்வாதான் (இறையச்சம்தான்) அவனை அடைகிறது" என்பது சூரத்துல் ஹஜ்ஜின் 37ஆம் வசனம். இதை வைத்து 'மனசு நல்லா இருந்தா போதும், சட்டமெல்லாம் எதுக்கு' என்று சிலர் பேசுவதுண்டு. நபித்தோழர் அபூபுர்தா (ரலி) அவர்களின் சம்பவம் அதற்குப் பதில் சொல்கிறது. அவர்கள் பெருநாள் தொழுகைக்கு முன்பே அறுத்துவிட்டார்கள். வீட்டாரும் அண்டை வீட்டாரும் சீக்கிரமாகச் சாப்பிடட்டும் என்ற நல்ல எண்ணம்தான். நபி (ஸல்) அவர்கள் "உமது ஆடு கறி ஆடுதான்" என்று சொல்லிவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் நூல்களிலும் இருக்கிற செய்தி இது. நல்ல எண்ணம் இருந்தும் நேரம் தவறியதால் அது குர்பானி ஆகவில்லை. நேரமும் ஆட்டின் வயதும் சரியாக இருந்து நிய்யத்து இல்லாவிட்டாலும் முடிவு அதேதான்.

பிஸ்மில்லாஹ் வேறு, நிய்யத்து வேறு என்பதையும் இங்கேயே பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி முறைப்படி அறுப்பதால் கறி ஹலாலாகிறது. குர்பானி என்ற நிய்யத்தால் அந்த அறுப்பு வணக்கமாகிறது. நிய்யத்தில்லாமல் ஹஜ்ஜு மாதமான துல்ஹஜ்ஜின் பத்தாம் நாள் (பெருநாளன்று) அறுத்த ஆடும் ஹலால்தான், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக் கறியோடு சேர்ந்த கணக்கு.

உங்கள் மத்ஹப் (மார்க்கச் சட்டப் பள்ளி) எது?

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலும் ஷாஃபிஈ. உள்மாவட்ட ராவுத்தர் ஊர்களிலும் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கமும் ஹனஃபி. தொழுகையில் இரண்டு மத்ஹபுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். குர்பானி நிய்யத்தில் உள்ள வித்தியாசம் வெளியே தெரியாது, ஆனால் பெரிது. சென்னையிலோ வளைகுடாவிலோ இரண்டு மத்ஹபுக்காரர்களும் ஒரே மாட்டில் பங்கு சேரும்போதுதான் சிக்கல் வரும். அதனால் கீழே இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறோம்.

யாருடைய குர்பானி?

ஹனஃபியில் குர்பானி வாஜிப், அதாவது கட்டாயம். அத்தியாவசியத் தேவை போக 612.36 கிராம் வெள்ளியின் மதிப்புக்குச் சொத்து வைத்திருக்கிற, ஊரில் தங்கியிருக்கிற ஒவ்வொருவர் மீதும் தனித்தனியாகக் கடமை. கணவன் கொடுத்துவிட்டால் மனைவியின் கடமை நீங்காது. மனைவியிடம் 8 பவுன் நகை இருக்கிறது, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் இருக்கிறது என்று வையுங்கள். 8 பவுன் என்பது 64 கிராம். தங்கத்துக்கான அளவான 87.48 கிராமைத் தொடவில்லை. ஆனால் தங்கத்தோடு பணமும் இருப்பதால் இரண்டையும் சேர்த்து வெள்ளியின் மதிப்போடுதான் ஒப்பிட வேண்டும். அந்த அளவை அது எப்போதோ தாண்டிவிட்டது. ஆக அந்த அம்மாவுக்கும் தனிக் குர்பானி உண்டு.

ஹனஃபி வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு, முறை வைப்பது. போன வருடம் என் பேரில், இந்த வருடம் மனைவி பேரில், அடுத்த வருடம் மௌத்தான (இறந்துபோன) அம்மா பேரில் என்று ஒரே ஆட்டைச் சுற்றுக்கு விடுகிறார்கள். அம்மாவின் பேரில் கொடுக்கிற வருடம் மகனுடைய வாஜிப் அப்படியே நிற்கிறது. முதலில் தன் கடமை. வசதி இருந்தால் பெற்றோருக்கு நன்மை சேர்க்க இரண்டாவதாக ஒன்று. மனைவிக்காகக் கணவன் பணம் போட்டுக் கொடுக்கலாம், அவருடைய சம்மதம் இருக்க வேண்டும். போனில் ஒரு வார்த்தை கேட்டாலே போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் பலர் கேட்பதில்லை.

ஷாஃபிஈயில் குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத் (கட்டாயமில்லாத நபிவழி). ஒரு வீட்டில் ஒருவர் கொடுத்தால் மற்றவர்கள் மீதான கோரிக்கை நீங்கிவிடும். கொடுப்பவர் தனக்காக நிய்யத்து வைத்து, நன்மையில் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொள்ளலாம். நபி (ஸல்) அவர்கள் தம் ஆட்டை அறுக்கும்போது "முஹம்மதிடமிருந்தும், முஹம்மதின் குடும்பத்தாரிடமிருந்தும், முஹம்மதின் உம்மத்தாரிடமிருந்தும் ஏற்றுக்கொள்வாயாக" என்று துஆ கேட்டது முஸ்லிமில் வருகிறது. மௌத்தானவர் வஸிய்யத்து (மரண சாசனம்) செய்திருக்காவிட்டால் அவர் பேரில் கொடுப்பது ஷாஃபிஈயில் சேராது. அவர் வஸிய்யத்துச் செய்திருந்தால், இரண்டு மத்ஹபிலும் அந்தக் கறி முழுவதும் ஏழைகளுக்குத்தான்.

ஒன்றை இரண்டு மத்ஹபும் ஒரே குரலில் சொல்கின்றன: ஒரு ஆடு ஒருவருக்குத்தான். மூன்று அண்ணன் தம்பிகள் பணம் போட்டு ஒரு ஆடு வாங்கி மூவரும் நிய்யத்து வைத்தால் மூவருக்கும் இல்லை. இருவர் தங்கள் பணத்தை மூன்றாமவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, அவர் பேரில் அறுத்தால் கூடும்.

எந்த வகை?

சுன்னத்தா, வாஜிபா, நேர்ச்சையா, அகீகாவா என்பதைப் பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். கறியை என்ன செய்வது என்பது இதைப் பொறுத்தது. "பையனுக்கு வேலை கிடைத்தால் அல்லாஹ்வுக்காகக் குர்பானி கொடுக்கிறேன்" என்று வாயால் சொல்லியிருந்தால் அது நேர்ச்சை. அதில் நீங்களும் உங்கள் பொறுப்பில் இருப்பவர்களும் ஒரு துண்டுகூடச் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டுவிட்டால் அந்த அளவுக்கு ஈடு கொடுக்க வேண்டும்.

ஒரே ஆட்டில் குர்பானியும் அகீகாவும் வைப்பதில் ஷாஃபிஈ இமாம்களே இரண்டாகப் பிரிகிறார்கள். இரண்டும் கிடைக்கும் என்பது ரம்லீயின் சொல், கிடைக்காது என்பது இப்னு ஹஜரின் சொல். ஹனஃபியில் ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான். மாட்டில் ஒரு பங்கைக் குர்பானிக்கும் இன்னொரு பங்கை அகீகாவுக்கும் வைக்கலாம். வசதி இருந்தால் தனித்தனி ஆடு கொடுப்பதே நிம்மதி.

அவ்லியாக்களின் (இறைநேசர்களின்) பேரில் ஆடு விடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அறுப்பு அல்லாஹ்வுக்கு மட்டும்தான். நன்மையை அந்த நல்லடியாருக்குச் சேர்ப்பிக்கும்படி துஆ கேட்பது வேறு விஷயம். அவருக்கென்றே அறுப்பது ஈமானையே தொடும் விவகாரம். "அல்லாஹ் அல்லாதவருக்காக அறுப்பவனை அல்லாஹ் சபிக்கிறான்" என்று அலி (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. அந்த ஆட்டைக் குர்பானிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

துல்ஹஜ் பிறை தெரிந்ததிலிருந்து, கொடுக்க நாடியவர் நகமும் முடியும் களையாமல் இருப்பது நல்லது. களைந்துவிட்டாலும் குர்பானிக்குக் குறையில்லை.

ஆட்டை வாங்கும்போது வாயில் கவனம்

ஹனஃபியில் குர்பானிக்கென்று நிய்யத்து வைத்து வாங்கிவிட்டால் அதுவே போதும். அறுக்கும்போது மறந்தாலும் நிறைவேறிவிடும். வீட்டில் வளர்த்த ஆடு என்றால் அறுக்கும் நேரத்தில் நிய்யத்து வேண்டும். வசதியுள்ளவர் வாங்கிய ஆட்டை மாற்றிக்கொள்ளலாம். மாற்று ஆடு விலை குறைந்ததாக இருந்தால் வித்தியாசத்தை தர்மம் செய்துவிட வேண்டும். கடமையில்லாத ஏழை குர்பானி நாட்களில் அந்த நிய்யத்தோடு ஒரு ஆடு வாங்கிவிட்டால், அதே ஆட்டைக் கொடுப்பது அவர் மீது கடமையாகிவிடுகிறது. அவர் மாற்ற முடியாது.

ஷாஃபிஈயில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் வாய்தான். ஆட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் வருகிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் "என்ன ஆடு இது?" என்கிறார். "இது என் குர்பானி" என்று சொல்லிவிடுகிறீர்கள். அந்தச் சொல்லாலேயே அது வாஜிபான குர்பானியாகிவிடும், அறியாமல் சொன்னாலும் விலக்கில்லை என்று இப்னு ஹஜர் போன்றோர் எழுதியிருக்கிறார்கள். வாஜிபாகிவிட்டால் கறி முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும், வீட்டார் தொடக் கூடாது. தகவலாக மட்டும் சொன்னது கட்டுப்படுத்தாது என்று பிற்கால அறிஞர்கள் சிலர் இளக்கம் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் ஏன் வம்பு? "சுன்னத்தான குர்பானிக்கு வாங்கியது" என்றோ "பெருநாளைக்கு அறுக்கப் போகிறோம்" என்றோ சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

வயதில் ஏமாந்தால் எவ்வளவு நிய்யத்து வைத்தும் பயனில்லை. வெள்ளாடு ஹனஃபியில் ஒரு வருடம், ஷாஃபிஈயில் இரண்டு வருடம் முடிந்திருக்க வேண்டும். செம்மறி ஒரு வருடம். ஒரு வயது ஆட்டைப் போல் தெரிகிற கொழுத்த ஆறு மாதச் செம்மறியை ஹனஃபி ஏற்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு முன்பல் விழுந்திருந்தால் ஷாஃபிஈயும் ஏற்கிறது. மாடு இரண்டு, ஒட்டகம் ஐந்து. வாயைத் திறந்து பல் போட்டதா என்று பாருங்கள். ஒரு கண் தெரியாதது, நொண்டுவது, நோய் வெளிப்படையாகத் தெரிவது, எலும்பில் மஜ்ஜையே இல்லாத அளவுக்கு மெலிந்தது ஆகிய நான்கும் கூடாது.

கூட்டுக் குர்பானி

மக்காவுக்கு அருகிலுள்ள ஹுதைபிய்யாவில் ஒட்டகத்தை ஏழு பேருக்காகவும் மாட்டை ஏழு பேருக்காகவும் அறுத்தோம் என்று நபித்தோழர் ஜாபிர் (ரலி) சொல்கிறார்கள். ஏழு என்பது மேல் வரம்பு. இரண்டு பேர் சேர்ந்து ஆளுக்கு மூன்றரைப் பங்கு எடுத்தாலும் கூடும். ஏழில் ஒன்றுக்குக் குறைந்தால்தான் கூடாது. எட்டாவது ஆளைச் சேர்த்தால் எட்டுப் பேருக்கும் போய்விடும். ஒரு பங்கை அண்ணனும் தம்பியும் பாதிப் பாதியாக எடுத்தாலும் இதே கதைதான்.

பங்குதாரரின் நிய்யத்தில் ஹனஃபி மிகவும் கண்டிப்பானது. ஏழு பேரும் வணக்கத்தையே நாட வேண்டும். ஆறு பேர் குர்பானி, ஒருவர் அகீகா என்றால் கூடும், இரண்டும் வணக்கம். ஏழாமவர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், கடைக்கு மலிவாகக் கறி கிடைக்கும் என்று மட்டும் சேர்ந்திருக்கிறார் என்றால் மற்ற ஆறு பேரின் குர்பானியும் பாழ். ஒரே அறுப்பில் ஒரு பகுதி வணக்கமும் ஒரு பகுதி கறிக்காகவும் என்று பிரிக்க முடியாது என்பது அவர்களின் வாதம். ஷாஃபிஈயில் அவருக்கு மட்டும்தான் இல்லை, மற்றவர்களுடையது நிறைவேறும். ஏழு பேரில் ஒரு ஹனஃபிக்காரர் இருந்தாலும் அவர் சட்டத்தைப் பேணி ஆள் சேருங்கள்.

கறி சாப்பிட ஆசைப்படுவது நிய்யத்தைக் கெடுக்குமா என்று பயப்பட வேண்டாம். "அவற்றிலிருந்து உண்ணுங்கள்" என்று குர்ஆனே சொல்கிறது. சந்தேகம் வந்தால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கறி ஒரு கிலோகூட வீட்டுக்கு வராது என்று தெரிந்தாலும் இந்தப் பங்கை எடுப்பேனா? ஆம் என்றால் நிய்யத்து சரி.

பொறுப்பாளர்கள் நோட்டில் மாட்டு எண், ஒன்று முதல் ஏழு வரை பெயர், பணம் கட்டியவர், வகை, கறி வேண்டுமா என்று ஐந்து கட்டம் போடுங்கள். பணம் கட்டியவரும் குர்பானிக்குரியவரும் வேறு வேறாக இருப்பது சகஜம். துபாயிலிருந்து மகன் அனுப்புவான், பங்கு அத்தாவுக்கு. 'வகை' கட்டத்தை விட்டுவிட்டால் நேர்ச்சைப் பங்கின் கறி மற்ற கறியோடு கலந்து, சாப்பிடக் கூடாதவர் வீட்டுக்கே போய்விடும். பெயர்களை அறுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அறுத்த பிறகு "ஒரு பங்கு காலியாக இருக்கிறது" என்று ஆள் பிடித்தால் அவர் வாங்குவது கறி மட்டுமே.

ஆடுகளுக்குக் கழுத்தில் எண் அட்டை கட்டுங்கள். ஹனஃபியில் இருவர் தவறுதலாக ஒருவர் ஆட்டை மற்றவர் அறுத்துவிட்டாலும் இருவருக்கும் நிறைவேறும் என்ற சலுகை உண்டு. சலுகை இருக்கிறது என்பதற்காகக் கவனக்குறைவாக இருக்க வேண்டாம்.

வகீல்

உங்கள் கையால் அறுப்பது சிறப்பு. முடியாவிட்டால் ஒரு முஸ்லிமை வகீலாக்கி (உங்கள் சார்பில் அறுப்பவராக்கி), கூட நின்று பாருங்கள். "என் சுன்னத்தான குர்பானியை அறுக்கவும், அதற்கு நிய்யத்து வைக்கவும் உங்களை வகீலாக்குகிறேன்" என்று சொல்லி ஒப்படையுங்கள். ஹனஃபி என்றால் 'சுன்னத்தான' என்பதற்குப் பதில் 'வாஜிபான'. ஒப்படைக்கும்போதோ அவர் அறுக்கும்போதோ நீங்களே நிய்யத்து வைத்துக்கொண்டாலும் சரி. அப்படியானால் அறுப்பவருக்கு உங்கள் பெயர் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. பெயரை அவர் தப்பாக உச்சரித்தாலும் ஒன்றும் ஆகாது.

வளைகுடாவிலிருந்து ஊரில் கொடுக்கச் சொல்பவர்கள் நாளைப் பாருங்கள். அங்கே பெருநாள் பெரும்பாலும் ஒரு நாள் முந்தி வரும். ஊரில் துல்ஹஜ் 12ஆம் நாள் என்பது அங்கே 13. ஹனஃபியில் 12ஆம் நாள் மக்ரிபோடு (சூரியன் மறைவோடு) நேரம் முடிகிறது, ஷாஃபிஈயில் 13 மக்ரிப் வரை உண்டு. இரண்டு இடத்திலும் நேரத்துக்குள் இருக்கும்படி, ஊரில் முதல் நாளோ இரண்டாம் நாளோ அறுத்துவிடச் சொல்லுங்கள்.

கத்தி வைக்கும் நேரம்

கத்தியை ஆட்டின் கண் முன்னால் தீட்டாதீர்கள். நம் ஊரில் கிப்லா (தொழும்போது முகம் திருப்பும் திசை) மேற்கு. ஆட்டை இடது பக்கம் சாய்த்து, தலை தெற்கேயும் கால்கள் மேற்கேயும் இருக்கும்படி படுக்க வையுங்கள். அறுப்பவர் அதன் முதுகுப் பக்கம் நின்று, இடது கையால் தலையைப் பிடித்து, வலது கையில் கத்தியோடு தானும் மேற்கு நோக்க வேண்டும்.

பெயர்ப் பட்டியல் வாசிப்பது, துஆ எல்லாம் ஆட்டைப் படுக்க வைப்பதற்கு முன்பே முடியட்டும். படுத்த ஆட்டைக் காக்க வைத்துக்கொண்டு ஏழு பெயர் வாசிப்பது அதற்கு வேதனை. நிய்யத்தை மனதில் நிறுத்தி, "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று சொன்னதும் கத்தி ஓட வேண்டும். மூச்சுக்குழல், உணவுக்குழல், இரண்டு பக்க இரத்தக்குழாய்கள் ஆகிய நான்கும் அறுபட வேண்டும். ஹனஃபியில் குறைந்தது மூன்று, ஷாஃபிஈயில் முதல் இரண்டும் கட்டாயம். "அல்லாஹும்ம தகப்பல் மின்னீ" என்ற துஆவை அறுத்த பிறகும் ஓதலாம். அடுத்தவருக்காக என்றால் 'மின்னீ' என்ற இடத்தில் 'மின்' என்று சொல்லி அவர் பெயரைச் சேர்க்க வேண்டும்.

ஹனஃபியில் பிஸ்மில்லாஹ்வை வேண்டுமென்றே விட்டால் கறியே ஹராம். ஒரு ஆட்டுக்குச் சொல்லிவிட்டு அது திமிறியதால் வேறு ஆட்டை இழுத்து அறுத்தால் முதல் பிஸ்மில்லாஹ் செல்லாது, மறுபடி சொல்ல வேண்டும். கத்தியை மட்டும் மாற்றினால் சொல்ல வேண்டியதில்லை. குர்பானிக்காரரை மகிழ்விக்க அவர் கையையும் கத்தியில் பிடிக்க வைத்து இருவருமாக அறுப்பதுண்டு. அப்போது இருவரும் பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும். 'அவர்தான் சொல்வாரே' என்று இவர் சும்மா இருந்துவிடுவதுதான் நடக்கும் தவறு.

கறியும் தோலும்

மூன்றாகப் பிரித்து வீட்டுக்கு, சொந்தபந்தத்துக்கு, ஏழைகளுக்கு என்று கொடுப்பது அழகு. ஷாஃபிஈயில் சுன்னத்தான குர்பானியிலும் கொஞ்சமாவது ஏழைக்குப் பச்சைக் கறியாகவே போக வேண்டும், பிரியாணி ஆக்கிக் கொடுத்தது கணக்கில் வராது. கூட்டுக் குர்பானிக் கறியைக் கண்ணளவில் பிரிக்காமல் தராசில் நிறுத்துப் பிரியுங்கள். அறுத்தவருக்குக் கூலி பணமாகத்தான் கொடுக்க வேண்டும். தோலையோ கறியையோ கூலியாகக் கொடுக்கக் கூடாது என்று அலி (ரலி) அவர்களுக்கே நபி (ஸல்) உத்தரவிட்டார்கள். கூலியை முழுதாகக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு கறி அன்பளிப்புக் கொடுக்கலாம்.

தவறிப்போனால்

வாங்கிய ஆடு பெருநாளுக்கு முன் செத்தாலோ காணாமல் போனாலோ, ஹனஃபியில் வசதியுள்ளவர் வேறு வாங்க வேண்டும், ஏழை வாங்க வேண்டியதில்லை. ஷாஃபிஈயில் சுன்னத்தான குர்பானி என்றால் ஒன்றும் கடமையில்லை. நாட்கள் கடந்துவிட்டால் ஹனஃபியில், வாங்கி வைத்த ஆட்டை உயிரோடு ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். வாங்கவே இல்லை என்றால் ஒரு ஆட்டின் விலையைக் கொடுக்க வேண்டும். ஷாஃபிஈயில் சுன்னத்து தவறினால் அடுத்த வருடம்தான். நேர்ச்சை ஆடு மட்டும் நாள் கடந்தாலும் களாவாக (தவறியதை ஈடுசெய்யும் விதமாக) அறுத்தாக வேண்டும், கறி முழுவதும் ஏழைகளுக்கு.